கரையோர மக்கள் காசு சேர்த்து அச்சடித்த நூல்

தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல் எது என்று கேட்டால், திருக்குறள் என்றோ வேதாகமம் என்றோ பலர் கூறுவர். இரண்டும் அல்ல. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூலாகும். 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்தில் அது அச்சிடப்பட்டது. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் மறைநூல் அச்சானது உண்மையே. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்திலேயே இருந்தன.

இதை ஆக்கியவர் அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார். போர்த்துக்கல்லில் யூத வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்து, 1546இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே இருந்து தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதியவர்.

அந்த மக்களின் கதை எமக்கு அந்நியமானதன்று. வடுகர் படைகளின் தொல்லையால் அவர்கள் வாழ்வு நிலைகுலைந்திருந்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியபோது, புன்னைக்காயற் பக்கத்துக் குடும்பங்கள் பல கடல் கடந்து மன்னாரில் குடியேற்றப்பட்டன. அடிகளாரும் அங்கு சென்று சில காலம் அவர்களோடு தங்கினார். இவ்வாறு அலைக்கழிந்த கரையோர மக்களே பின்னர் தமிழ் அச்சு வேலைக்கென 400 குருசாதோ என்னும் போர்த்துக்கேயப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தனர். முதற் தமிழ் அச்சுநூலுக்குச் செலவழித்தவர்கள் கடலோடிகளும் முத்துக்குளிப்போருமே என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வேலை எளிதாக இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் இடவலம் மாறிச் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, பின்னர் எழுத்துக்களாக வார்க்க வேண்டும். ரோமன் எழுத்துக்குச் சில பத்து அச்சுக்கள் போதும். தமிழிலோ உயிர்மெய் வரிசை முழுவதற்கும் வழி காண வேண்டும். 1577இல் கோவாவில் ஜுவாம் கொன்சால்வெஸ் என்பவர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் ஜுவாம் தெ பாரியா அடிகளார் திருத்தமாக வேறு எழுத்துக்களை வார்த்தார். அக்கால ஓலை எழுத்தைப் பின்பற்றியதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. இன்று படிக்க முயல்பவர் தடுமாறத்தான் செய்வார்.

உள்ளே பெரிய இறையியல் வாதங்கள் எவையுமில்லை. சிலுவை அடையாளம், கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் போன்றவையே உள்ளன. பிரான்சிஸ் சவேரியார் பயன்படுத்திய போர்த்துக்கேய மறைக்கல்வி நூலைத் தழுவியது அது. எனினும் இறைவனைக் குறிக்கத் 'தம்பிரான்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தமை கவனிக்கத்தக்கது. சைவ மடங்களிலும் வழங்கிய சொல் அது. மக்கள் நாவிலிருந்த சொல்லை அவர் எடுத்தாண்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1620களில் எமது திருகோணமலையில் திருக்கோணேச்சர ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர்களும் போர்த்துக்கேயரே. அதை மறைத்துவிட்டு அச்சுக்கலையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

இந்நூலின் பிரதி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. காசு கொடுத்த கரையில் ஒன்றுகூட எஞ்சவில்லை. வெக்கை, உப்புக்காற்று, கறையான், போர், கை படப் படத் தேயும் தாள் என்று காரணங்கள் பல. புழங்கிய வீட்டில் அழிந்தது, புழங்காத அலுமாரியில் தப்பியது.

1985இலும் 1990இலும் குச்சவெளி, திரியாய்ப் பகுதிகளிலிருந்து கையில் அகப்பட்டதோடு ஓடியவர்களுக்கு இது புரியும். காணி உறுதி தொலைந்தவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளலாம்: உறுதி எழுதிய நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்து, மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்ட வழக்கம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் தேட வேண்டும். வீட்டில் இல்லாதது வேறிடத்தில் இருக்கக் கூடும்.

அன்றிக்கஸ் அடிகளாரின் மற்ற நூல்களும் அப்படித்தான் வெளிநாடுகளில் தங்கின. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586இல் வெளிவந்த புனிதர் வரலாற்று நூல் 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதன் பிரதியொன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. ஊர்காவற்றுறை கரம்பொன்னைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார் 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் இத்தகைய நூல்களைத் தேடிக் கண்டு, தாம் நடத்திய 'தமிழ்ப் பண்பாடு' என்னும் ஆங்கில இதழில் எழுதினார். 1960களில் இயேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் அன்றிக்கஸின் நூல்களைத் தூத்துக்குடியில் மறுபதிப்புச் செய்தார். அவ்வாறு 'தம்பிரான் வணக்கம்' ஏறத்தாழ 400 ஆண்டுகளின் பின் அதே முத்துக்குளித்துறைக் கரைக்குத் திரும்பி வந்தது.