புண் ஆறிவிட்டது, நோய் போய்விட்டதா?

மறைவிடத்தில் ஒரு சிறு புண். வலி இல்லை. சில வாரங்களில் மருந்து போடாமலே ஆறிவிடுகிறது. "சனியன் விட்டது" என்று அந்த ஆள் நிம்மதியாக வேலைக்குப் போகிறார்.

சனியன் விடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது!

இதுதான் மேகப்புண். கிரந்தி என்றும் சொல்வார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர் "சிபிலிஸ்". உடலுறவினால் தொற்றும் கிருமி நோய் இது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கக்கூசுக்குப் போவதாலோ ஒட்டாது.

புண் ஆறிய பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம். அதுவும் தானாக மறையும். சிகிச்சை செய்யாவிட்டால், பல வருஷம் கழித்து இருதயத்தையோ மூளையையோ தாக்கலாம்.

பெனிசிலின் ஊசி

1943-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் மஹோனி, 4 நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்து இந்த நோயைக் குணப்படுத்தினார். இன்றும் பெனிசிலின்தான் முதல் மருந்து. நோய் தொற்றி ஒரு வருஷத்துக்குள் என்றால், ஒரே தடவையில் 24 லட்சம் யூனிட். நாள்பட்டது என்றால், வாரம் ஒரு தடவையாக 3 வாரம்.

ஊசி போட்ட அன்று சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். கிருமிகள் சாவதால் வருவது அது. ஒரு நாளில் போய்விடும். ஆனால், போட்டவுடன் மூச்சுத் திணறினால் அது வேறு. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ரத்தம் காட்டும் கணக்கு

ஊசியோடு ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. 6-ம் மாதமும் 12-ம் மாதமும் ரத்தம் சோதிக்க வேண்டும். முதல் சோதனையில் 32 என்று வந்த எண், ஒரு வருஷத்துக்குள் 8 ஆகவோ அதற்குக் கீழேயோ இறங்க வேண்டும். இறங்காவிட்டால் டாக்டர் காரணம் தேடுவார்; தேவையானால் மறுபடி ஊசி போடுவார்.

ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது என்பது பொய். எத்தனை தடவையும் வரும்.

மனைவிக்குத் தெரியாமல்

கணவன் ரகசியமாக ஊசி போட்டுக்கொள்கிறான். மனைவியின் உடம்பில் கிருமி இருக்கிறது. அவளிடமிருந்து அவனுக்கே திரும்பி வரலாம். அவள் கர்ப்பிணியானால் ஆபத்து பெரிது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம், நோயோடு பிறக்கலாம். கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே கண்டுபிடித்து, அப்போதே ஊசி போட்டால் குழந்தையும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அதனால் இருவருக்கும் சேர்த்தே சிகிச்சை. அது முடிந்து புண் ஆறும்வரை உடலுறவு கூடாது. ஆணுறை நல்ல காவல். ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றும்.

லாட்ஜில் அறை எடுத்து நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை இலவசம். விஷயமும் வெளியே போகாது. மனைவியிடம் சொல்ல வாய் வராத கணவன், அவளை அங்கே அழைத்துப் போனால் போதும்; டாக்டரே பக்குவமாக எடுத்துச் சொல்வார்.