குட்டைக் குழலின் கணக்கு

ஏஆர்-15 வகைத் துப்பாக்கியின் உடல் இரண்டு பாதிகளால் ஆனது. விசையும் கைப்பிடியும் மேகசின் செருகும் வாயும் கீழ்ப் பாதியில் இருக்கின்றன. குழலும் போல்ட்டும் குழலைச் சுற்றிய கைக்காப்பும் மேல் பாதியில். இரண்டையும் பிணைப்பவை இரண்டு முளைகள் மட்டுமே. அவற்றைத் தள்ளிவிட்டால், ஒரு மேல் பாதியைக் கழற்றி வேறொன்றை நிமிடத்தில் மாட்டிவிடலாம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் வரிசை எண் பொறித்த கீழ்ப் பாதிதான் துப்பாக்கி. மேல் பாதி வெறும் உதிரி பாகம். அங்கே விற்பவர்களும் வாங்குபவர்களும் அதை ‘அப்பர்’ என்றே சொல்கிறார்கள். ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950களில் வகுத்த இந்தப் பிரிப்பின் மேல்தான் குட்டைக் குழல் அப்பர்களின் இன்றைய சந்தை நிற்கிறது.

குழலைக் குறைக்கும் ஆசை ராணுவத்தில் பிறந்தது. எம்16-இன் குழல் 20 அங்குலம். வியட்நாம் போரில் காட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் அது நீளமாகப் பட்டது. அதனால் கோல்ட் நிறுவனம் 10 அங்குலக் குழலுடன் ஒரு குட்டைத் துப்பாக்கியைச் செய்தது. அதன் ஓசையும் வாயிலிருந்து கக்கிய தீயும் தாங்க முடியாதபடி இருந்தன. எக்ஸ்எம்177இ2 என்ற அடுத்த வடிவத்தில் குழல் 11.5 அங்குலமாக வளர்ந்தது. பின்னர் வந்த எம்4-இன் குழல் 14.5 அங்குலம், கப்பல்களிலும் அறைகளுக்குள்ளும் புகுந்து போரிட அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய எம்கே18-இன் குழல் 10.3. இன்றைய கடைகளில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் இந்த வரிசையின் வாரிசுகளே.

குழல் குறைந்தால் முதலில் இழப்பது வேகம். 5.56 மி.மீ. தோட்டாவின் வெடிமருந்து 20 அங்குலக் குழலுக்காகக் கணக்கிடப்பட்டது. அதில் 55 கிரெய்ன் எடையுள்ள எம்193 குண்டு வினாடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் வெளியேறும். பத்தரை அங்குலத்துக்கு வந்தால் அது 800-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. எரிந்து முடியாத மருந்து வாய்க்கு வெளியே எரிகிறது. பெரிய தீச்சுடரும் காதைப் பிளக்கும் ஓசையும் அதன் விளைவுதான். சிறிய, வேகமான இந்தக் குண்டின் வலிமை எடையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. ஆகவே குட்டைக் குழலில் அதன் பயனுள்ள தூரமும் சுருங்குகிறது. காகிதத்தில் துளையிடும் துல்லியம் அவ்வளவாகக் குறைவதில்லை. குட்டைக் குழல் குறி தவறும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. குட்டையான எஃகுத் தண்டு நெளிவதும் குறைவுதான்.

வேகத்தைவிடச் சிக்கலானது வாயு. குண்டு குழலில் ஓடும்போது பக்கத்திலுள்ள ஒரு சிறு துளையைக் கடக்கிறது. அந்தத் துளை வழியாகத் திரும்பும் வாயுதான் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவுக்கு வழி செய்கிறது. துளையைக் கடந்த நொடியிலிருந்து குண்டு வாயை விட்டு வெளியேறும்வரைதான் இந்த வாயுவுக்கு அழுத்தம் இருக்கும். 20 அங்குலக் குழலில் துளைக்குப் பிறகு ஏறத்தாழ ஏழு அங்குலம் மீதி இருக்கிறது. 11.5-இல் நான்குக்குச் சற்றுக் குறைவு, 10.3-இல் மூன்றுகூட இல்லை. முறைத்தண்ணீர் வரும் நேரம் குறைந்தால் மடையை அகலமாகத் திறப்பதுபோல, குட்டைக் குழலில் துளையைப் பெரிதாக்குகிறார்கள். ஆனால் குட்டைக் குழலில் துளை, தோட்டா வெடிக்கும் அறைக்கு அருகே இருப்பதால் அங்கே வாயுவின் அழுத்தமும் சூடும் அதிகம். பெரிய துளை வழியாகப் பாயும் அந்த வாயு போல்ட்டை வேண்டியதைவிட வேகமாக அடிக்கிறது. போல்ட்டின் பற்களும் கூட்டை இழுக்கும் கொக்கியும் சீக்கிரம் தேய்கின்றன. துளை சிறியதாகிவிட்டாலோ, குளிரிலும் மலிவான தோட்டாவிலும் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும்.

குட்டை அப்பர் வாங்குபவர் தயாரிப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது துளையின் விட்டத்தைத்தான். அதைச் சொல்லத் தயங்கும் தயாரிப்பாளரை விட்டு விலகுவது நல்லது. பளபளக்கும் கைக்காப்புக்கும் பூச்சு நிறத்துக்கும் செலவிடும் கவனத்தில் பாதி இதற்குக் கிடைத்தாலே பல தொல்லைகள் தீரும். சைலன்சர் மாட்டுவதாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் அவசியம். சைலன்சர் வாயுவைத் தடுத்து நிறுத்துவதால் பின்னோக்கி வரும் அழுத்தம் கூடும். புகை சுடுபவர் முகத்திலேயே வந்து அறையும். வாயுவின் அளவைத் திருகிக் குறைக்கும் அமைப்பும் கீழ்ப் பாதியில் போல்ட்டின் அடியைத் தாங்கும் கனமான பஃபரும் இதற்கு ஓரளவு மாற்று. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் ஹெச்கே416 போல, வாயுவை நேரே உள்ளே விடாமல் பிஸ்டன் தண்டால் தள்ளும் வகையும் உண்டு. அதன் 10.4 அங்குல வடிவம் பேர்பெற்றது. எடையும் விலையும் கூடுதல்.

பத்து அங்குலத்துக்குக் கீழே போக விரும்பினால் குழலை மட்டும் மாற்றிப் பயனில்லை, தோட்டாவையே மாற்ற வேண்டும். அதற்காக வந்ததுதான் .300 பிளாக்அவுட். அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் கார்ப்பரேஷன் உருவாக்கி 2011-இல் தரநிலை பெற்ற இந்தத் தோட்டாவின் மருந்து ஒன்பது அங்குலத்துக்குள்ளேயே எரிந்து முடியும். ஏஆர்-15-இன் அதே போல்ட், அதே மேகசின். குழல் மட்டும் வேறு. ஒலியைவிட மெதுவாகப் போகும் கனமான குண்டுகளும் இதில் உண்டு. அவை நிலைகுலையாமல் பறக்கக் குழலின் உட்புறத் திருகு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் போல்ட்டும் மேகசினும் ஒன்றாக இருப்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது. .300 தோட்டா தவறுதலாக 5.56 குழலுக்குள் போய்விட்டால், 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. துளையில் அடைத்துக்கொண்டு துப்பாக்கியே வெடித்துச் சிதறும். இப்படிச் சிதறியவை பல. இரண்டையும் வைத்திருப்பவர்கள் மேகசின்களை நிறத்தால் பிரித்து வைப்பது கட்டாயம்.

மற்றவை சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியவை. அடிக்கடி சுடுபவருக்கு உள்ளே குரோம் பூசிய குழல் அல்லது நைட்ரைடு செய்த குழல் நெடுநாள் உழைக்கும். வாயில் மாட்டுவது தீச்சுடரைக் குறைக்கும் வகையாக இருக்கட்டும். உதைப்பைக் குறைக்கும் பிரேக்குகள் குட்டைக் குழலில் ஓசையைப் பக்கவாட்டில் வீசி அருகில் நிற்பவரை வதைக்கும். 5.56 துப்பாக்கியின் ஓசை எப்படியும் 160 டெசிபெல்லைத் தாண்டும். மூடிய அறையில் காதுக்காப்பு இல்லாமல் ஒருமுறை சுட்டாலே செவித்திறன் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

இனி சட்டம். கடைகளில் குடிமக்களுக்கான ஏஆர்-15-களில் பெரும்பாலானவை 16 அங்குலக் குழலுடன் வருவதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. சில வகைத் துப்பாக்கிகளுக்கு வரியும் பதிவும் விதித்த 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டம்தான் காரணம். அதன் மூல வரைவில் கைத்துப்பாக்கிகளும் அடங்கியிருந்தன. நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்கித் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே குட்டைக் குழலும் சேர்க்கப்பட்டது. விவாதத்தில் கைத்துப்பாக்கிகள் நீக்கப்பட்டன. குட்டைக் குழல் மட்டும் தங்கிவிட்டது. காரணம் போன பிறகும் நிற்கும் விதி இது. முதலில் 18 அங்குலமாக இருந்த வரம்பு ரைஃபிள்களுக்கு 1960-இல் 16 ஆனது. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும் இதே விதிதான். கட்ட வேண்டிய 200 டாலர் வரி தொண்ணூறு ஆண்டுகள் மாறவே இல்லை; 2025-இல் இயற்றப்பட்ட சட்டப்படி 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். கைரேகை, புகைப்படத்துடன் முன்கூட்டியே பதிவு செய்யும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. பதிவில்லாமல் மாட்டினால் பத்தாண்டு வரை சிறை.

மாட்டாமல் இரண்டு பாதிகளையும் வீட்டில் வைத்திருந்தாலும் சிக்கல் வரலாம். பாகங்களைச் சட்டப்படி பொருத்தவும் வழி இருந்தால், வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்று 1992-இல் தாம்சன்/சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குட்டை அப்பரைத் தவிர வேறு எதையும் பொருத்த முடியாத நிலையில் ரைஃபிளின் கீழ்ப் பாதியை வைத்திருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. எனவே பதிவு முதலில், அப்பர் பிறகு என்பதே பாதுகாப்பான வரிசை.

எந்த அளவு? 5.56-இல் 11.5 அங்குலத்துக்குக் கீழே போவதில் பெரும்பாலோருக்கு லாபம் இல்லை, 10.3-உடன் ஒப்பிட்டால் கூடுவது சுமார் ஒன்றேகால் அங்குலம், குறைவது பாதித் தொல்லை. அதைவிடக் குட்டையாக வேண்டுமென்றால் .300 பிளாக்அவுட். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் கூட்டரசுப் பதிவு இருந்தாலும் சாதாரணக் குடிமகன் இவற்றை வைத்திருக்க முடியாது. மற்ற மாநிலத்தவரும் குட்டை ரைஃபிளை மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்லக் கூட்டரசிடம் முன்அனுமதி பெற வேண்டும்.