வீட்டில் உட்கொள்ளும் கீமோ மாத்திரை

குழந்தைகளை அதிகம் தாக்கும் ரத்தப் புற்றுநோயான கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்கான சிகிச்சையில் மிக நீண்ட பகுதி, நோய் அடங்கிய பின் ஆண்டுக்கணக்கில் தொடரும் பராமரிப்புச் சிகிச்சையே. அதன் முதன்மை மருந்தான மெர்காப்டோபியூரின் மாத்திரையை மருத்துவமனையில் செவிலியர் அல்லர், வீட்டில் பெற்றோரே கொடுக்கிறார்கள். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கி, 1953இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, உயிரணு தன் மரபுப் பொருளைக் கட்டப் பயன்படுத்தும் பியூரின் மூலக்கூறைப் போல உருவம் கொண்டு உள்ளே புகுந்து, உயிரணு பெருகுவதைத் தடுக்கிறது.

ஆனால் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் நலமான வெள்ளை அணுக்களையும் அது தடுப்பதால், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தே மருத்துவர் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார். மருந்தின் வீரியத்தைத் தணிக்கும் நொதிகள், அதாவது உடலின் வேதிவினைகளை நடத்தும் புரதங்கள், சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவற்றுள் என்.யு.டி.டி.15 என்னும் நொதியின் குறைபாடு ஐரோப்பியரைவிட ஆசியரிடம் மிகுதி என்பதால், அதற்கான மரபணுப் பரிசோதனை இந்தியக் குழந்தைகளுக்கு உண்மையில் பயன் தரக்கூடியது. யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரப்படும் அலோபியூரினால் என்னும் மருந்து மெர்காப்டோபியூரினின் சிதைவைத் தடுத்துவிடுவதால், இரண்டும் சேரும்போது பின்னதன் அளவை மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். எனவே வேறெந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மிகக் கொடிய பிழை வேறோரிடத்தில் நேர்கிறது. மெர்காப்டோபியூரின் அன்றாடம் உண்பது. உடன் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டோ வாரம் ஒரு நாள் மட்டும் உண்பது. இதைத் தவறாக நாள்தோறும் உண்டதால் உயிரிழப்புகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே கிழமையின் பெயரை மருந்துச் சீட்டிலும் அட்டையிலும் தமிழில் எழுதித் தருவது மருந்தகங்களின் கட்டாயக் கடமையாக வேண்டும்.

பிள்ளை நலமாக ஓடியாடுகிறதே என்று மாத்திரையை விட்டுவிடுவதும் இதற்குக் குறையாத ஆபத்து. பரிந்துரைத்த அளவில் 95 விழுக்காட்டுக்கும் குறைவாக உண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. தவறிய வேளைக்காக மறுவேளை இரட்டிப்பாகக் கொடுப்பதும் கூடாது.

மாத்திரையை வெறுங்கையால் பொடிக்கலாகாது. கருவுற்ற பெண்கள் அதைத் தொடாதிருப்பது நல்லது. காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திராமல், நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடலில் தொற்று சில மணி நேரத்திலேயே ரத்தமெங்கும் பரவிவிடும்.