காற்றுப் பையும் தாழ்வண்டியும்

அமெரிக்க நாட்டைச் சார்ந்த கலிபோர்னியாவிலே, பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டிகளைத் தரைதோயத் தாழ்த்தி அழகு செய்வோர் பலர். வண்டியின் எப்பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்பிற்குக் கீழே தாழ்தலாகாது என்னும் விதி 1958-இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆகலின், நிற்குங்கால் தாழ்ந்தும் ஓடுங்கால் உயர்ந்தும் அமையும் வழியை நாடினர். 1959-இல் ரான் அகிர்ரே என்பார் தம் கார்வெட் காரில் எண்ணெயழுத்தக் கருவியால் இதனைச் செய்து காட்டினர். பின்னாளில் பிக்கப் வண்டியினர் காற்றையும் துணைக்கொண்டனர். அம்முறையினையே நாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பொறியொன்று காற்றை அழுத்திக் கலத்தில் நிறைக்கும். வால்வைத் திறப்பின் அக்காற்று, அச்சிற்கும் அடிச்சட்டத்திற்கும் இடையேயுள்ள ரப்பர்ப் பைகளிற் புகுந்து வண்டியை உயர்த்தும். வெளிவிடின் வண்டி தாழும்.

வேலை இவ்வளவே எனின், அன்று. செவர்லே எஸ்-10 போன்ற வண்டியைப் புதுக்குவோர், பின்னச்சினைத் தாங்கும் பட்டைவில்லை நீக்குவர். அவ்வில்லோ சுமையைத் தாங்குவதோடு, அச்சினை நிலைபெயராது பிடித்தும் நிற்பது. காற்றுப் பை தாங்குமேயன்றிப் பிடித்தலை அறியாது. ஆதலின் இரும்புத் தண்டுகள் நான்கினால் அச்சை அடிச்சட்டத்தோடு பிணித்தல் வேண்டும். மேலும், வண்டி தாழுங்கால் அச்சு மோதாதிருத்தற்பொருட்டு அடிச்சட்டத்தை அவ்விடத்தே வளைவாக அறுப்பர். அறுத்த இடத்தைத் தடித்த தகட்டாற் பற்றவைத்து வலிவுபடுத்தாவிடில், சுமையேற்றுங்கால் சட்டம் முறிதலுங் கூடும். செல்வோர் உயிர்க்கே ஏதம் விளையும்.

பழைய உறுப்பொன்றைக் களையுமுன் அது செய்துவந்த தொழில் அனைத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பதனை நாம் இவ்வண்டியினின்று கற்கின்றோம்.