லாவெண்டர் மணமும் துணிப்பெட்டியும்

துணிப்பெட்டியைத் திறந்தவுடன் நறுமணம் கமழ வேண்டுமென்று விரும்பாதார் யார்? சமவெளியில் வாழும் நம் மக்கள் இதற்கெனத் துணிகளுக்கிடையே வெட்டிவேர் வைப்பது நெடுநாளைய வழக்கம். உதகமண்டலம் போன்ற குளிர்ந்த ஊர்களில் லாவெண்டர் மலரும் அப்பணியைச் செய்ய வல்லது.

மத்தியதரைக் கடலை அடுத்த மலைச்சரிவுகளே இச்செடியின் தாயகம். இது துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜம்மு-காஷ்மீரத்தின் பதர்வா வட்டாரத்தில் மக்காச்சோளம் பயிரிட்டு வந்த உழவர் பலர் இன்று லாவெண்டருக்கு மாறியுள்ளனர். நீலகிரி மண்ணோ புளிப்புத் தன்மை மிக்கது. ஆகவே இங்கு நீர் தேங்காத மேட்டுப் பாத்தியும் சுண்ணாம்பும் இன்றியமையாதவை.

லாவெண்டரின் மணம் பெரும்பாலும் இதழில் இல்லை. இதழைத் தாங்கும் புல்லியிலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. கடும் வெயில் பட்டால் அவ்வெண்ணெய் ஆவியாகிவிடும். எனவே, கதிரின் அரும்புகள் ஏறக்குறையப் பாதி விரிந்ததும் பனி உலர்ந்த காலை வேளையில் காம்புடன் அறுத்து, சிறு கட்டுகளாக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

இங்குதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளும் நம் மலையை ஈரமாக்கிவிடுகின்றன. அரைகுறையாக உலர்ந்த பூவைப் பையிலிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அது துணிக்கும் பரவிக் கறையாகும். பல நாள் தறியில் உழைத்து நெய்த சேலை ஒரு பிடி பூவால் பாழாகலாமா? மழைக்காலத்தில் அறுத்த கட்டுகளைப் புகை படாத, இளஞ்சூடான அறையில் உலர்த்துக. காம்பை வளைத்தால் 'பட்'டென ஒடிய வேண்டும். உதிர்த்த பூவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, இரண்டு மூன்று நாள் மூடிவைத்துப் பார்க்க. உட்புறம் நீராவி படிந்தால் மீண்டும் உலர்த்துவதே முறை.

நன்கு உலர்ந்த பூவை மெல்லிய பருத்தித் துணியில் சிறு பையாகத் தைத்து வைக்கலாம். தறியில் மிஞ்சும் துண்டுகளே இதற்குப் போதும். மணம் குறையும்போது பையை விரலால் கசக்கினால் மீண்டும் எழும். பட்டின்மேல் நேராக வைக்காமல் இடையே ஒரு வெள்ளைத் துணி விரிப்பது நலம். லாவெண்டர் எண்ணெயைத் துணியில் தெளிப்பது கூடாது, கறை விழும்.

கம்பளியையும் பட்டையும் அரிக்கும் அந்துப்பூச்சியை இம்மணம் ஓரளவு விலக்குமேயன்றி, துணியில் முன்பே இருக்கும் புழுவைக் கொல்லாது. ஆதலால் துணியைத் துவைத்து நன்கு உலர்த்திய பின்னரே பெட்டியில் அடுக்க வேண்டும். குழந்தைகள் விழுங்கினால் நஞ்சாகும் அந்துருண்டையை நாடாமலிருக்க இது ஒரு வழி. ஆயினும் சிறு பைகளையும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பதே நன்று.

பயிரிடுவோர் பூவை முறையாக உலர்த்தித் தர, நெய்வோர் துண்டுத் துணியைப் பையாக்கித் தர, இரு சாராரின் உழைப்பும் ஒரு சிறு பையில் கூடுகிறது. அதை நம்பி வாங்கும் இல்லத்தாரின் துணிக்குக் கேடு வராமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.