நெஞ்சுவலியில் நேரத்தின் அருமை

"ஷிப்டு முடியட்டும்", "தண்ணீர் பாய்ச்சி முடியட்டும்" என்று நெஞ்சுவலியைப் பொறுத்திருப்பது, பல்லடம் சாலையிலுள்ள அருள்புரம் போன்ற ஊர்களில் நாம் கைவிட வேண்டிய வழக்கம்.

இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பதே மாரடைப்பு. காலம் தாழ்ந்தால் உறைகட்டி இறுகும், தசையும் மடியும். பின்னர் மருத்துவர் குழாயைத் திறந்தாலும், கட்டியின் துணுக்குகள் நுண்குழாய்களில் சிக்குவதால் இரத்தம் முழுமையாகப் பாயாது. மடையைத் திறந்தும் கிளைவாய்க்கால் தூர்ந்திருந்தால் பாத்தி நனையுமா? இரத்த அழுத்தக் குறைவும் மிகுந்த சர்க்கரையும் ஓட்டத்தை மேலும் குன்றச் செய்யும்.

ஆகவே, 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் முதலிய மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன. உடனே 108 ஊர்தியில் பெரிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை வீடுதோறும் எடுத்துரைப்பார்களாக.