ஆலைக்குள் குடித்தனம்

செகந்திராபாத்தில் மன்மாடு ரயிலைப் பிடித்தால், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தாண்டி அவுரங்காபாத் வரும். இன்றைய பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். 1956 வரை ஐதராபாத் மாநிலத்து ஊர். அங்கே பாபா ஷா முசாஃபிர் தர்காவை ஒட்டி, தானியம் அரைத்த பழைய நீராலை ஒன்று நிற்கிறது. பன்சக்கி என்பார்கள்.

வடக்கே மலையடிவாரத்து ஊற்றுநீர், மண்ணுக்கடியில் புதைத்த குழாய்கள் வழியே பல கிலோமீட்டர் கடந்து இங்கே வருகிறது. விழும் நீர், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் சக்கரத்தின் தகடுகளில் மோதுகிறது. சக்கரத்தின் அச்சு, அசையாத அடிக்கல்லின் துளை வழியாக நேரே ஏறி மேல்கல்லைச் சுழற்றுகிறது. பல்சக்கரம் எதுவும் வேண்டாம். நம் வீட்டுத் திரிகைதான். கைக்குப் பதில் தண்ணீர். அரைத்த மாவில் வழிப்போக்கர்களுக்கும் மாணவர்களுக்கும் பக்கீர்களுக்கும் ரொட்டி சுட்டார்கள்.

எனக்கு ஆலையைவிடப் பெரிய அதிசயம், அதன் முன்னிருக்கும் நீர்த்தேக்கம். அதற்கு அடியில், பருத்த தூண்கள் தாங்கும் விசாலமான கூடம் இருக்கிறது. தேங்கிய தண்ணீர்தான் அதற்குக் கூரை! வெயிலின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, ஆவியாகும்போது அதில் ஒரு பங்கை வெளியேற்றியும் விடுகிறது. அதனால் மராத்வாடா கோடையிலும் கூடம் குளுகுளுவென்றிருக்கும். யாத்ரீகர்கள் அங்கே தங்கினார்கள்.

ஐரோப்பாவின் காற்றாலைகளில் கதை வேறு. ஓடும் ஆலைக்குள் தூசியும் அதிர்வும் தீ பயமும் ஓயாது. நீராவி ஆலைகள் பிழைப்பைக் கெடுத்த பிறகுதான் அவற்றில் பல வீடுகளாயின. இங்கிலாந்தின் சசெக்ஸில், கிளேட்டன் குன்றின் மேல் ஜாக், ஜில் என்று இரண்டு நிற்கின்றன. ஜாக் 1866இல் கட்டிய செங்கல் கோபுரம். கோல்ஃப் எழுத்தாளர் ஹென்றி லாங்ஹர்ஸ்ட் 1950களில் அதை வாங்கிக் குடியேறினார்.

காற்றாலையை வீடாக்குவது லேசல்ல. இறக்கைகளின் அச்சு கிடைவாட்டில் சுழலும், கல்லுக்கோ செங்குத்து அச்சு வேண்டும். இரண்டையும் இணைக்கும் ராட்சதப் பல்சக்கரங்களைக் கழற்றினால்தான் ஆள் புழங்க இடம் கிடைக்கும். கோபுரம் மேலே போகப்போகக் குறுகுவதால், மாடிக்கு மாடி அறையும் சிறுத்துவிடும். வட்டச் சுவரில் பீரோவைச் சாத்தவே முடியாது.

பக்கத்திலுள்ள ஜில், மரத்தாலானது. 1852இல் பிரைட்டனிலிருந்து எருதுகள் பூட்டி இழுத்து வந்தார்கள். ஆர்வலர்கள் அதைப் பழுதுபார்த்து, 1986 முதல் மறுபடியும் கோதுமை அரைக்கிறார்கள்.